அளவுக்கு நின்ற ஆள்

ஜான்ரோஸ் நின்றுபோனது அந்த வெள்ளிக்கிழமையோடு நான்காவது தடவை.

காலை ஒன்பதரை இருக்கும். கீரிப்பாறை எஸ்டேட்டில் மரத்துக்கு மரம் சிரட்டையில் வடிந்திருந்த ரப்பர் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே வந்தாள் ஜெபகுமாரி. அவளுக்கு மேல்பக்கச் சரிவு அவள் புருசன் ஜான்ரோசின் பிளாக். இருபத்தேழு வருசமாக இருவரும் அடுத்தடுத்த பிளாக்கில்தான் பால் வெட்டுகிறார்கள். முந்தின சாயங்காலம் பெய்த மழையில் சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணியைத் தேய்த்திருந்தாள். பக்கத்துக் குவாட்டர்ஸ் கிரேசி மேலேயிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இறங்கி வந்தாள்.

“ஏட்டி ஜெபா, ஓடி வா. உனக்க ஆளு நிக்காரு.”

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், நின்றால் நிற்கட்டுமே, அதற்கு ஏன் இந்தக் கூப்பாடு என்று கேட்டிருப்பார்கள். ஜெபகுமாரி வாளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓடினாள்.

ஜான்ரோஸ் ஒரு மரத்தை ஒட்டி நின்றிருந்தார். வலது கையில் வெட்டுக்கத்தி தொங்கியது. நாடி கொஞ்சம் தூக்கி, முகம் நிமிர்ந்திருந்தது. கண் மலையைப் பார்த்திருந்தது. மூச்சு ஒழுங்காக வந்தது, இமை அடித்தது, மற்றபடி ஆளிடம் ஓர் அசைவும் இல்லை. கணுக்காலில் இரண்டு அட்டைகள் குடித்துக் குடித்து நாவற்பழம் போல ஆகியிருந்தன. அதைக்கூட அந்த மனுசன் தட்டிவிடவில்லை.

“இஞ்ச பாரும். நானாக்கும், ஜெபா. போதும், வாரும்” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

பீல்டு சூப்பர்வைசர் சுயம்புராஜ் கொஞ்சம் தள்ளியே நின்றான். நல்ல பையன்தான். ஆனால் கத்தி இருக்கிற கையின் பக்கம் வர அவனுக்குப் பயம்.

“அக்கா, நான் எத்தன நாளு மறைக்க முடியும்? திங்கக்கெழம மேனேஜர் ரவுண்டு வாராரு. இப்படி நிக்கத பாத்தாருன்னா மெடிக்கல் போர்டுக்கு எழுதிருவாரு. பின்ன வேலையும் இல்ல, குவாட்டர்சும் இல்ல. ரிட்டயராவ இன்னும் நாலு வருசம் உண்டுல்லா?”

“இன்னைக்கு எத்தற நேரமா நிக்காரு?”

“ஏழரைக்கு நான் வந்தப்பளே நிக்காரு.”

முதல் தடவை கால் மணி நேரம். அப்புறம் முக்கால், அப்புறம் ஒன்றரை. இன்றைக்கு ஏற்கெனவே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கத்தியை விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள் ஜெபகுமாரி. பிறகு அவளும் கிரேசியுமாக அழுத்தி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகும் முதுகு நிமிர்ந்தே இருந்தது. பதினோரு மணிக்குத்தான் ஆள் ஓர் இருமல் இருமி இந்த உலகத்துக்கு வந்தார்.

“என்னவாக்கும் இந்த நிப்பு? யாரு ஓம்மள நிக்கச் சொன்னா?” ஜெபகுமாரிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

“எனக்குத் தெரியும் ஏட்டி, நிக்கேன்னு தெரியும். காலு கேக்க மாட்டேங்கு. மறுகரையிலேருந்து சத்தம் வரணும். அதுவரைக்கும் நிக்கணும்னு காலு சொல்லுது.”

“எந்த மறுகரை?”

“கூடாரமொட்டை” என்றார் ஜான்ரோஸ்.

ஜெபகுமாரி அட்டை இருந்த இடத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

ஜான்ரோசின் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாரையாவது நில்லு என்று சொன்னால், சொன்னவரே பிறகு போதும், வா என்று சொல்லி விட வேண்டும். பிள்ளையை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாலும் சரி, ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாலும் சரி. விடாமல் போவது பெரிய பாவம் என்று வைத்திருந்தார்கள். ஜெபகுமாரி குழித்துறைக்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே சந்தையில் வாழைக்குலைக் கடை. கலியாணத்தன்று சர்ச் படிக்கட்டில் போட்டோக்காரன் “நில்லுங்க” என்றான், படம் எடுத்தான், அடுத்த பிலிம் சுருளை மாட்டக் குனிந்தான். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேரும் வெயிலில் அப்படியே நின்றார்கள். பெண்வீட்டார் எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மாமனாரே சினந்து, “போதும், மாறுங்கன்னு சொல்லும் ஓய்!” என்று அவனைப் பார்த்துக் கத்தினார். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்த ஜெபகுமாரி இருபத்தேழு வருசமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். “உங்க குடும்பத்துல ஆளு செத்தாலும் யாராவது போதும்னு சொல்லணுமோ?” என்பாள். ஜான்ரோசும் கூடச் சிரிப்பார். ஆனாலும் பழக்கத்தை விடமாட்டார்.

காரணம் என்று ஒரு கதை இருந்தது. காப்பித் தோட்டம் போடுவதற்காகத் துரைமார் அசம்பு மலைக் காட்டை வெட்டித் தள்ளிய காலம். ஒரு துரை மலையைப் படம் பிடிக்க வந்தான். பெட்டியும் கண்ணாடித் தகடும் மருந்துப் புட்டிகளும் கறுப்புக் கூடாரமுமாக இருபது ஆள் சுமை. வேதத்தில் சேர்ந்த புதுக் கிறிஸ்தவர்கள்தான் சுமந்தார்கள். ஜான்ரோசின் வீட்டார் தங்கள் முன்னோர் என்று சொல்லும் யேசுவடியான் என்ற ஒருவனை எதிர்ப் பாறையில் ஏற்றி நிற்க வைத்தான் துரை. அசையாதே, நான் சொல்லும்வரை நில் என்றான். படம் பிடித்த பிறகு அவனைக் கூப்பிட மறந்து இறங்கிப் போய்விட்டான். மலையில் வெண்புகையாக மஞ்சு மூடிவிட்டது. யேசுவடியான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றான், மழையில் விறைத்து நின்றபடியே செத்தான். அந்தப் பாறைக்கு ஆள்நின்றபாறை என்று பேர். கூடாரம் போட்ட எதிர்க்கரை கூடாரமொட்டை. ஜான்ரோசின் வீட்டார் யாரும் அந்தப் பாறையில் ஏறக்கூடாது என்பதும் பழக்கத்தோடு சேர்ந்தது.

அதுவரை அது கதையாகவே இருந்தது. பெங்களூரில் மலைகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிற சுபிதா போன மாதம் அந்தப் படத்தையே கொண்டுவந்துவிட்டாள். அஞ்சுகிராமத்துப் பிள்ளை, நெற்றியில் நாமமும் முதுகில் பெரிய பையுமாக வந்தாள். பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று அதே போல இன்னொரு படம் எடுத்தால், இடையில் காடு எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குப் பார்க்கலாமாம். வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று ஜான்ரோசைத் தேடி வந்தாள்.

படத்தை லேப்டாப்பில் காட்டினாள். மரமெல்லாம் வெட்டி மொட்டையான மலை. ஓடைத் தண்ணி வெள்ளைத் துணியை விரித்த மாதிரி இருந்தது. ஓரத்தில் சுமைகாரர்கள் இருந்தார்கள், ஆனால் முகம் இல்லை.

“அப்போ ஒரு படத்துக்கு அரை நிமிசத்துக்கு மேல ஆவும் அக்கா. அசைஞ்சவங்க எல்லாம் புகையா ஆயிட்டாங்க. இவரைப் பாருங்க.”

நடுவில் பாறைமேல் ஒருவன் நின்றான். தலையில் துண்டு, இடுப்பில் முழங்காலுக்கு மேல் ஒரு முண்டு, கையில் நீளக் கம்பு. பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு கலங்கல் இல்லை. கம்பைப் பிடித்த விரல்கள்கூடத் தெரிந்தன. மலையையே கண்ணாடியில் அடக்கிவிட்ட துரை, மலை எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவர்களுக்குப் புரிவதற்காக அவனை நிறுத்தியிருக்கிறான். படத்துக்கு அடியில் மலையின் பேர் இருந்தது, உயரம் இருந்தது, வருசம் இருந்தது. அவனைப் பற்றி ‘அளவுக்கு ஓர் ஆள்’ என்று மட்டும் இருந்தது.

ஜான்ரோஸ் வெகு நேரம் பார்த்தார். “இவரு இப்பவும் நிக்காருல்லா” என்றார்.

“அதே அளவு தெரியணும்னா அதே இடத்துல ஒருத்தர் நிக்கணும் அண்ணன்” என்றாள் சுபிதா. நான் நிக்கேன் என்று ஜான்ரோஸ் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. வேடிக்கை என்னவென்றால், தடுத்தது ஜெபகுமாரி இல்லை. அவர்தான் ஒப்புக்கொண்ட பிறகு பயந்து, போகவா வேண்டாமா என்று உழன்றார். “இத்தறயும் பேடிச்சவரு எதுக்குச் சரின்னீரு? நில்லும். ஒரு போட்டோவுக்கு நின்னா மலை ஓம்மள முழுங்கிருமா?” என்று அவள்தான் பிடித்துத் தள்ளினாள்.

மறுநாள் சனிக்கிழமை நடந்ததை ஜெபகுமாரி எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள். அவர் பாறைக்குப் போனார். அவளும் சுபிதாவும் சோற்றுப் பாத்திரமும் காமிரா முக்காலியுமாகக் கூடாரமொட்டைக்கு ஏறினார்கள். படம் எடுத்தார்கள். மழை வந்தது. அந்தப் பிள்ளை அவரைக் கூப்பிடாமல் இறங்கிவிட்டது. சாயங்காலம் வரைக்கும் ஆளைக் காணாமல், கிரேசியின் புருசனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், மழையில் நனைந்து நாடியைத் தூக்கியபடி பாறைமேல் நின்றுகொண்டிருந்தார். கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். நாலு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது இந்த நிற்பு பிடித்துக்கொண்டது.

நாகர்கோவிலில் டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். போதகர் வந்து ஜெபித்து, செத்தவன் வந்து பிடிப்பான் என்று நம்புவது வேதத்துக்கு விரோதம் என்று கண்டித்துவிட்டுப் போனார். ஷார்ஜாவிலிருந்து மகன் ஸ்டெனி, அம்மா, யூடியூபில் ஒரு டாக்டர் சொல்கிறார் என்று தினமும் ஒன்று அனுப்பினான்.

நான்காவது தடவை நின்றதற்கு மறுநாள், சனிக்கிழமை மதியம் மரச்சீனிக் கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு ஜெபகுமாரி சுபிதாவுக்குப் போன் போட்டாள். சாளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஜான்ரோஸ் உட்கார்ந்திருந்தார்.

“மக்களே, ஒரு வார்த்த. போதும் அண்ணன், வாங்கன்னு நீ உனக்க வாயால சொல்லு. நிக்கச் சொன்னது நீயில்லா? நீ விட்டாத்தான் அவரு மீளுவாரு.”

படம் எடுத்த அன்றே பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்ட சுபிதாவுக்கு விசயமே அப்போதுதான் தெரியும். பதறிப்போனாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நாலைந்து தடவை சொன்னாள். ஜான்ரோஸ் கேட்டார், மரியாதைக்குத் தலையாட்டினார். அவ்வளவுதான். ஜெபகுமாரி போனோடு பின்பக்கம் போனாள்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்தத் துரை எழுதின டைரியோட நகல் எனக்கு வந்திருக்கு. வாசிக்கட்டா?”

“வாசி.”

சுபிதா தமிழாக்கி மெதுவாகச் சொன்னாள். “ஈரம் காயுறதுக்குள்ள தகட்டைக் கழுவணும்னு நான் கூடாரத்துக்குள்ள போயிட்டேன். பாறையில நிக்கிறவனைக் கூப்பிடுன்னு அவன் தம்பிகிட்ட சொன்னேன். கூப்பிட்டாச்சுன்னு தம்பி சொன்னான். மஞ்சு இறங்கிட்டு, நாங்களும் இறங்கிட்டோம். மூணாம் நாள் அவனைத் தூக்கிட்டு வந்தாங்க. படம் நல்லா வந்திருக்கு. இவ்வளவுதான் அக்கா. தம்பி பேரு ஞானாபரணம்னு போட்டிருக்கு.”

ஞானாபரணம் யாரென்று ஜெபகுமாரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் குடும்பத்தின் பேர்கள் வரிசையாக எழுதியிருக்கும். உச்சியில் இருப்பது அந்தப் பேர். இந்த வீடு நின்று செத்தவனின் வம்சம் இல்லை. கூப்பிடாதவனின் வம்சம்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க” என்று சுபிதா தயங்கினாள். “அன்னைக்கு நானும் உங்ககிட்டதானே சொன்னேன்? காமிராவை நனையாம பையில வைக்கேன், அண்ணனை வரச் சொல்லிருங்கன்னு. நீங்க சரின்னீங்க. நீங்க கூப்பிட்டிருப்பீங்கன்னுதான் நான் போனேன்.”

ஜெபகுமாரி போனை வைத்துவிட்டாள். உள்ளே கிழங்கு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் கூப்பிடவில்லை. மறந்தும் போகவில்லை. வாயருகே கையைக் குவித்து வைத்தவள்தான். எதிரே பாறைமேல் அவர் நாடியைத் தூக்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்ததும் அவளுக்குக் கலியாணத்தன்று நின்ற முப்பது பேரின் நினைப்பு வந்துவிட்டது. முந்தின நாள் சண்டையின் மிச்சமும் கொஞ்சம் இருந்தது. கண்ணு இருக்குல்லா, நாம இறங்குறது தெரியாதா? கூப்பிடாவிட்டால் எவ்வளவு நேரம்தான் நிற்பார், பார்ப்போமே என்று நினைத்தாள். கையை இறக்கிவிட்டாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். பத்து நிமிசத்தில் பின்னாலேயே வந்து கத்துவார், அதை வைத்து ஒரு வாரம் கேலி பண்ணலாம் என்று இருந்தாள். அதற்குள் மஞ்சு மூடிவிட்டது.

நூற்றைம்பது வருசமாகக் குடும்பமே துரையைக் குற்றம் சொன்னது. இரண்டு வாரமாக அவள் அந்தப் பிள்ளையைக் குற்றம் சொன்னாள். ஞானாபரணம் ஏன் கூப்பிடவில்லை என்று டைரியில் இல்லை. ஜெபகுமாரிக்கு அது தெரிந்த மாதிரி இருந்தது. கூப்பிடாமல் இருக்கப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம். அதற்குப் பிறகு அந்த மனுசன் எத்தனை வருசம் இருந்தானோ, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நில்லு என்று சொன்னால் பிறகு ‘போதும்’ என்றும் சொல்லி விடணும் என்று எப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்தானோ. அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் அவள் இத்தனை காலம் சிரித்தாள். அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கருகிய கிழங்கைத்தான் அன்று ஜான்ரோஸ் தின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜான்ரோஸ் வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு, பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் புறப்பட்டவர் முற்றத்தில் செருப்பை மாட்டும்போது நின்றுபோனார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. முகம் மலைப் பக்கம் திரும்பியிருந்தது. முதல் மணி அடித்தது, இரண்டாம் மணி அடித்தது. ஜெபகுமாரியும் கிரேசியும் உட்கார வைக்கப் பார்த்தார்கள். இந்தத் தடவை முட்டு மடங்கவில்லை. விடிந்தால் திங்கள், மேனேஜர் வருகிற நாள்.

“கிரேசி, நீ இவருகூட இரு. நான் மலைக்குப் போயிட்டு வாரேன்.”

“ஆராதனைக்கு வராம மலைக்கா? மழ வருது ஏட்டி!”

“வரட்டு” என்று சொல்லிவிட்டு ஜெபகுமாரி ஆராதனைச் சேலையோடேயே நடந்தாள்.

இரண்டு மணி நேர ஏற்றம். பைபிளில் மலைகளைப் பற்றி வரும் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே ஏறினாள், பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினாள். கூடாரமொட்டையில் புல் இடுப்பளவு நின்றது. காற்று சேலையை இழுத்தது. எதிரே வெறும் வெள்ளை மஞ்சு. அவள் வாயருகே கையைக் குவித்தாள்.

“இஞ்சேருங்க! ஜான்ரோசு! போதும்! வாரும்!”

சத்தம் எதிர்ச் சரிவில் முட்டித் திரும்பி வந்தது. மூன்று தடவை கூவினாள். பிறகு யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். “நான் வேணும்னே கூப்பிடல்ல. அந்தப் பிள்ள சொல்லிச்சு, நான் கூப்பிடல்ல. வெளையாட்டுக்காக்கும். சத்தியமா வெளையாட்டுக்காக்கும்.”

மஞ்சு கொஞ்சம் விலகியது. பாறை தெரிந்தது. பாறைமேல் ஒரு ஆள் நின்றான்.

அவர் வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டியோடு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஆளின் தலையில் துண்டு இருந்தது. கையில் நீளக் கம்பு. இவ்வளவு காற்றிலும் அந்தத் துண்டின் நுனி ஆடவில்லை. ஜெபகுமாரிக்கு மூத்திரம் முட்டியது. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஓடினால் அவள் கூப்பிடாமல் போவது இரண்டாவது தடவை ஆகிவிடும்.

“பாட்டா!” என்று கத்தினாள். “யேசுவடியான் பாட்டா! போதும்! உம்ம தம்பிக்கும் சேத்து நான் சொல்லுதேன். படம் எடுத்தாச்சு. போதும், வாரும்!”

மஞ்சு மறுபடி மூடியது. மழை பிடித்துக்கொண்டது. அவள் எப்படி இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது முற்றம் காலியாக இருந்தது. கிரேசி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். “ஏட்டி, பன்னெண்டே கால் இருக்கும். யாரோ விளிச்ச மாதிரி திரும்பிப் பாத்தாரு. மத்த செருப்ப மாட்டினாரு, பின்ன அதக் கழத்திப் போட்டுட்டு உள்ள போயி, பசிக்குன்னாரு.”

ஜான்ரோஸ் அடுக்களையில் சம்மணம் போட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பயறும் தொவையலும் பக்கத்தில் இருந்தன. ஜெபகுமாரி ஈரச் சேலையோடு அவர் எதிரே நின்றாள்.

“அன்னைக்கு நான்தான்...” என்றாள்.

“தெரியும். நீ கைய வாய்க்கிட்ட கொண்டு போனதையும் பாத்தேன், எறக்குனதையும் பாத்தேன். திரும்பிச் சிரிச்சியே, அதையும் பாத்தேன்.” அவர் கஞ்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மஞ்சு பின்ன தான் ஏட்டி மூடிச்சு.”

“எதுக்கு எங்கிட்டச் சொல்லல்ல?”

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன்.”

ஜான்ரோஸ் இன்னொரு கிண்ணத்தை எடுத்து, அதில் கஞ்சி ஊற்றி, தன் பக்கத்தில் வைத்தார்.

“நான் ஒத்தைக்கு வரல்ல. கூட ஒருத்தரு வந்தாரு. வாசப்படிக்கு வெளிய நிக்காரு. நான் விளிச்சா வர மாட்டேங்காரு. மலையிலேருந்து கூப்பிட்டவ சொல்லணுமாம்.”

கிரேசி, இயேசுவே என்று சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஜெபகுமாரி வாசலுக்குப் போனாள். முற்றத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. வேறு ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. கதவின் இரண்டு பலகையையும் முழுக்கத் திறந்தாள்.

“போதும் பாட்டா. நனையாண்டாம். உள்ள வாரும்.”

சொல்லிவிட்டு ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு நிலையோடு ஒதுங்கி நின்றாள். மழையின் குளிர் அவளைக் கடந்து உள்ளே போனது. அடுக்களையில் கிண்ணம் நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. வாசலைவிட்டுப் போகவும் கால் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ, உள்ளேயிருந்து ஜான்ரோசின் குரல் வந்தது.

“ஏட்டி ஜெபா, போதும். நீயும் வா.”

அப்போதுதான் அவள் காலை எடுத்து வைத்தாள்.